கட்டை ஊறும் வரை

ஜனவரி 6

அவருடைய பிரஷரைத் தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதற்காகத்தான் நகைக்கடையில் கொடுத்த இந்த டைரியை எடுத்தேன். இன்று 136/84. எழுதியாயிற்று. மிச்சப் பக்கம் வெறுமனே கிடக்கிறது. வீட்டில் பேசுவதற்கு ஆள் இல்லாதவள் வெற்றுப் பக்கத்தை ஏன் விட வேண்டும்?

ஆள் இல்லை என்று எழுதியது தப்பு. ஆள் இருக்கிறார். ஐப்பசியில் ஒரு காலை, குளித்துவிட்டு வந்தவர் துண்டு கேட்க வாயைத் திறந்தார், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலது கையும் விழுந்துவிட்டது. கால் பரவாயில்லை, சுவரைப் பிடித்து நடக்கிறார். பேச்சுதான் வரவில்லை. "ம்" வரும். சில நாள் "ஆமா" வரும். உள்ளே எல்லாம் தெளிவாக இருக்கிறது, சொல் வெளியே வரும் வழிதான் அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். அவரிடம் நிறையப் பேசுங்கள் என்றும் சொன்னார். அதை எனக்குச் சொல்ல வேண்டுமா? மின்வாரியத்தில் கணக்குப் பார்த்து ரிட்டயர் ஆனவர் என் வீட்டுக்காரர் கோமதிநாயகம். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கும் சேர்த்து நான்தான் பேசி வருகிறேன். இப்போது கண் விழித்ததிலிருந்து படுக்கும் வரை விடாமல் பேசுகிறேன். ஒரு வார்த்தை திரும்பி வரவில்லை.

பையன் பாலசண்முகம் ஓசூரிலிருந்து வந்தபோது ஒரு மீன் தொட்டி வாங்கி வைத்துவிட்டுப் போனான். அப்பாவுக்குப் பொழுது போகுமாம். நாலு ஏஞ்சல் மீன், ஒரு கூட்டம் நியான் டெட்ரா என்ற பொடி மீன். பொழுது அவருக்குப் போகிறது. தண்ணீர் மாற்றுவது நான்.

ஜனவரி 9

மாடியில் குடியிருக்கும் ஜெபக்கனி இன்று கீழே வந்தாள். பள்ளிக்கூட ஆபீசில் வேலை, ஐம்பதை நெருங்கும் வயது, தனி ஆள். மூன்று வருஷமாக மாடியில் இருக்கிறாள், வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை. அவள் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் உலை கொதித்துவிடும். முதல் எழுத்திலேயே நின்றுகொண்டு கண்ணை மூடித் திறப்பாள், கழுத்து நரம்பு புடைக்கும். பார்க்கச் சகிக்காமல் அவள் சொல்ல வந்ததை நானே சொல்லி முடித்துவிடுவேன். அவளும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள்.

இன்று கையில் ஒரு மரக்கட்டை. போன மாதம் ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்த பிறகு கரையில் பொறுக்கியதாம். மான்கொம்பு மாதிரி இரண்டாகப் பிரிந்து, வெயிலில் வெளுத்திருந்தது. மாடியில் அவளிடம் மூன்று தொட்டி இருக்கிறதாம். எல்லாவற்றிலும் இப்படி அவளே பொறுக்கிய கட்டைதானாம். அண்ணாச்சி தொட்டி மொட்டையாக இருக்கிறது, மீன் ஒளிய இடம் வேண்டும் என்றாள். சொல்ல எவ்வளவு நேரம் ஆனது என்பதை எழுதினால் பக்கம் போதாது.

கட்டையைத் தேர்ந்தெடுக்க விதிமுறை எல்லாம் உண்டாம். நகத்தால் அழுத்திக் காட்டினாள். நகம் இறங்கினால் உளுத்த கட்டை, தண்ணீரைக் கெடுத்துவிடும். மோந்து பார்க்கச் சொன்னாள். ஒரு வாடையும் இல்லை.

"பச்சைக் கட்டை ஆகாதுக்கா. பால் வடியுத மரம் ஆகாது. பிசின் இருந்தா ஆகாது. அப்புறம்..."

அங்கே மாட்டிக்கொண்டாள். அடுப்பில் பால் இருந்தது. "கண்டதையும் போடக் கூடாது, அவ்வளவுதானே, புரிஞ்சுது" என்று முடித்து வைத்துவிட்டு உள்ளே போனேன். பாலை இறக்கிவிட்டு வந்தால், அவரிடம் அந்த மிச்சத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர் கட்டையை இடது கையால் தடவிக்கொண்டு சிரித்தார். இழுத்த வாயோடு சிரித்தார். ஐப்பசிக்குப் பிறகு முதல் சிரிப்பு.

பிரஷர் 130/80. நல்லதுதான்.

ஜனவரி 15

பொங்கல். இரண்டு பானை. மாடிக்கும் ஒரு தூக்கு கொடுத்தனுப்பினேன், குறை சொல்லக் கூடாது.

ஜனவரி 17

பொங்கல் விடுமுறை என்பதால் ஜெபக்கனி காலையிலேயே வந்துவிட்டாள். பின்கட்டில் துணி துவைக்கிற கல்லின் மேல் கட்டையை வைத்து இரண்டு பேரும் பட்டை சுரண்டினார்கள். பட்டை ஒட்டியிருந்தால் தண்ணீருக்குள் போய் அழுகுமாம். அவள் கம்பி பிரஷால் தேய்த்தாள். அவருக்கு ஒரு பழைய தேக்கரண்டியைக் கொடுத்தாள். எந்தக் கையில் கொடுத்தாள்? வலது கையில்.

நான் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டி விழுந்தது. அவள் எடுத்துக் கொடுத்தாள். மறுபடி விழுந்தது. மறுபடி கொடுத்தாள். பிறகு விழவில்லை. பட்டை சின்னச் சின்னதாகப் பெயர்ந்து வந்தது.

டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை இரண்டு மாதமாக நான் அந்தக் கையில் வைத்து வைத்து அமுக்கச் சொல்கிறேன். "அமுக்குங்க, இன்னும் கொஞ்சம், விடாதீங்க, அய்யோ விட்டுட்டீங்களா" என்று கெஞ்சாத நாள் இல்லை. பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போய்விடும். அவர் சுவரைப் பார்ப்பார். இன்று எவளோ கொண்டு வந்த ஆற்றுக் கட்டைக்கு அந்தக் கை வேலை செய்கிறது. எனக்கு எரிந்தது. பொய் எதற்கு, நன்றாகவே எரிந்தது.

மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "போதும், அவிய களைச்சுட்டாவ" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஜனவரி 19

கட்டையை வேக வைக்க வேண்டுமாம். இட்லி அண்டாவைக் கேட்டாள். கொடுப்பேனா? வெந்நீர் போடும் பழைய அலுமினிய அண்டாவைக் கொடுத்தேன். கட்டை முழுக்க முங்கவில்லை. ஒரு பாதியை வேக வைத்துத் திருப்பிப் போட்டு மறு பாதியை வைத்தாள். உள்ளே பூச்சி, முட்டை, பூஞ்சை எது இருந்தாலும் செத்துவிடுமாம். தண்ணீர் காப்பி டிகாக்ஷன் மாதிரி ஆனது. கொட்டிவிட்டு மறுபடி புதுத் தண்ணீர். என் அடுப்பு காலையிலிருந்து அந்தக் கட்டைக்குத்தான் எரிந்தது. எங்களுக்குப் பழைய சோறு.

அவர் அடுக்களை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் என் சமையலை இப்படி ஒரு நாள் பார்த்ததில்லை.

ஜனவரி 26

இப்போது கட்டை பின்கட்டில் பிளாஸ்டிக் தொட்டியில் ஊறுகிறது. மிதக்கிறது. தண்ணீர் குடித்து கனத்துத் தானே அடியில் போய் உட்கார வேண்டுமாம், வாரக்கணக்கில் ஆகுமாம். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். அதை அவரே செய்கிறார். சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றுகிறார். நான் செய்கிறேன் என்று போனால் சொம்பை மார்போடு அணைத்துக்கொள்கிறார். கட்டையை ஒரு விரலால் அமுக்குவார். அது எழும்பும். மறுபடி அமுக்குவார். பேரப்பிள்ளையோடு விளையாடுகிற மாதிரி.

நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஜெபக்கனி பிளாஸ்கில் காப்பி கொண்டு வந்து கொடுத்திருக்கிறாள். திரும்பி வந்து பிளாஸ்கில் இருந்த மிச்சத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சீனியே இல்லை. விருந்தாளிக்குச் சீனி போடத் தெரியாத வீடும் உண்டா? அவர் டம்ளரில் ஒரு சொட்டு மிச்சமில்லை. பாவம், மரியாதைக்காகக் குடித்து வைத்திருக்கிறார். நான் கொடுக்கும் காப்பியில் எப்போதும் பாதியை வைத்துவிடுவார், வயிறு அவ்வளவுதான் கொள்ளும்.

பிப்ரவரி 2

சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாலை நான் அடுக்களையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் பின்கட்டில் தொட்டிக்கு அருகே. எப்போதும் போல அங்கே சத்தமே இல்லை. இரண்டு பேரும் அப்படி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள், என்னதான் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கடுகைப் போட்டேன். அப்போது ஓர் ஆண் குரல் கேட்டது. கரகரத்த குரல். யாரோ வந்துவிட்டார்கள் என்று எட்டிப் பார்த்தேன். யாரும் வரவில்லை.

"ஊறல" என்றார் அவர். கட்டையைப் பார்த்து. இன்னும் ஊறவில்லை என்று.

"இன்னும் ஊறல அண்ணாச்சி" என்றாள் அவளும், ஒன்றுமே நடக்காத மாதிரி.

நான் கரண்டியோடு ஓடினேன். "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க. என்னையப் பாத்து சொல்லுங்க. ஊறலன்னா சொன்னீங்க? என் பேரச் சொல்லுங்க, உலகுன்னு சொல்லுங்க பாப்போம்" என்று அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் வாய் திறந்தது, மூடியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

பையனுக்குப் போன் செய்து சொன்னேன். அழுதான். நான் அழவில்லை. எத்தனை மாத்திரை, எத்தனை ராத்திரி, எத்தனை பேச்சு. முதல் வார்த்தை ஒரு கட்டையைப் பற்றி, குடியிருக்க வந்த ஒருத்தியிடம்.

பிப்ரவரி 3

பிரஷர் 150/96. அவருக்கு இல்லை, எனக்கு.

பிப்ரவரி 10

கட்டை ஊறித் தானாக அடியில் உட்கார்ந்துவிட்டதாம். நேற்று மீன் தொட்டிக்குள் வைத்தார்கள். விழா மாதிரி. ஏஞ்சல்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன. வால் கிழிந்த ஒரு ஏஞ்சல் உண்டு, அவருக்கு அதன் மேல்தான் உயிர். அது கொம்புக்கு நடுவில் போய் நின்றுகொண்டது. அவர் அதைக் காட்டி "வீடு" என்றார். அவளிடம்தான்.

இன்று காலையில் தண்ணீர் முழுவதும் தேநீர் நிறம். அவளுடைய கட்டை விஷத்தைக் கக்கிவிட்டது என்று மாடிக்குப் போய்க் கத்தினேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவள் வந்து பார்த்துவிட்டு இது கறைதான், மீனுக்கு ஒன்றும் செய்யாது, தண்ணீரை மாற்ற மாற்றத் தெளிந்துவிடும் என்றாள். கட்டை மேல் வெள்ளையாகப் பாசி மாதிரி படிந்தாலும் பயப்பட வேண்டாமாம், மீன் தின்றுவிடுமாம். மீன்கள் ஜாலியாகத்தான் நீந்தின. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வாரம் ஒரு முறை பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணும் வந்தாள், சின்னப் பெண். முன்னேற்றம் பிரமாதம் என்றாள். என்னிடம் தனியாக, "சார் சொல்ல வர்றத அவரே முடிக்கட்டும்மா, நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க" என்றாள். மனுஷன் சொல்லுக்குத் தவிப்பதை நான் கை கட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனசு கல். அவர் கேட்பதற்கு முன்பே அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். காப்பியா, ஆமா. ரெண்டு கரண்டி சீனியா, ஆமா. தலையை ஆட்டினால் போதும், நான் எதற்கு இருக்கிறேன்?

பிப்ரவரி 18

இந்த வாரம் அவர் அவளிடம் சொன்னவை: கட்டை. வால். மேல. போதும். நாளைக்கு.

என்னிடம் சொன்னவை: ம்.

பிப்ரவரி 20

ஜெபக்கனி தன் அக்கா மகள் கல்யாணத்துக்கு நாசரேத்துக்குப் போயிருக்கிறாள். நாலு நாள் வர மாட்டாள். வீடு எவ்வளவு லேசாக இருக்கிறது.

அவரோ காலையிலிருந்து மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வர மாட்டா, ஊருக்குப் போயிட்டா" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. கட்டைக்குத்தானே இந்த வாய் திறக்கிறது? கட்டை கொண்டு வர எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 21

தெருவில் கரண்ட் கம்பியில் இடிக்கிறது என்று வேப்பமரத்தின் கிளைகளைக் கழித்துப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு கவட்டை கிடைத்தது, அவள் கொண்டு வந்ததைவிட அழகு. மூன்று கொம்பு. இதைவிட நல்ல மரம் உலகத்தில் உண்டா? அம்மை கண்டால் வேப்பிலை, பல்லுக்கு வேப்பங்குச்சி, அரிசியில் வண்டு விழாமல் இருக்க வேப்பிலை, பிள்ளை வயிற்றுப் பூச்சிக்கு வேப்பங்கொழுந்து. மீனுக்கு மட்டும் ஆகாமல் போகுமா? சொல்லப்போனால் தண்ணீரையே சுத்தமாக்கும்.

இலையெல்லாம் உருவிவிட்டேன். ஈரமாக இருந்தது, கனமாகவும் இருந்தது, அதனால் மிதக்கும் தொல்லையும் இருக்காது. பட்டையோடு இருந்தால்தானே பார்க்க மரம் மாதிரி இருக்கும்? மஞ்சள் போட்டுக் கழுவி, ஒரு கொதி கொதிக்க வைத்தேன். வாரக்கணக்கில் ஊற வைப்பதெல்லாம் வேலை இல்லாதவர்கள் செய்வது.

மத்தியானம் அவர் தூங்கும்போது ஆற்றுக் கட்டையை எடுத்துப் பின்கட்டுச் சுவர் மேல் வெயிலில் போட்டேன். என் கட்டையை உள்ளே வைத்து, அசையாமல் இருக்க மேலே ஒரு கல்லையும் வைத்தேன். அவ்வளவு அழகு.

எழுந்து வந்து பார்த்தார். பார்த்ததும் முகம் மாறியது. இடது கையை நீட்டித் தொட்டியைக் காட்டினார், வாய் திறந்து திறந்து மூடியது. "தெரியுது, தெரியுது, நல்லா இருக்குன்னுதானே சொல்ல வாரீய? நான்தான் கொண்டாந்தேன்" என்றேன். நாற்காலிக் கையில் ஓங்கி அடித்தார். மறுபடியும் வாய் திறந்தது. பாத்ரூமுக்குத்தான் அவசரம் என்று புரிந்துகொண்டு தூக்கி நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்றும் போகவில்லை. திரும்பி வந்து தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

பிப்ரவரி 22

காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தண்ணீர் கலங்கி, ஒரு கசப்பு வாடை. டெட்ராக்களில் சில செத்து மிதந்தன. அவர் எழுவதற்கு முன் எடுத்துச் செம்பருத்திச் செடிக்கு அடியில் போட்டேன்.

வேப்பங்கட்டையை எடுத்துவிட்டேன். அதனால்தான் என்று சொல்ல வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கிடக்கிறது. ஆற்றுக் கட்டையைத் திரும்ப உள்ளே வைத்தேன். வெயிலில் காய்ந்துவிட்டது போலிருக்கிறது, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அதே கல்லை ஏற்றி வைத்தேன்.

பிப்ரவரி 23

இரண்டு ஏஞ்சல் போய்விட்டது. அதில் ஒன்று வால் கிழிந்தது. அவர் எனக்கு முன்பே எழுந்துவிட்டார். நான் வந்தபோது வலது கையைத் தண்ணீருக்குள் விட்டு அதை ஏந்திக்கொண்டு நின்றார். சட்டைக் கை நனைந்து சொட்டியது. எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறாரோ. கையிலிருந்து வாங்கப் போனேன். கொடுக்கவில்லை.

பிப்ரவரி 24

ஜெபக்கனி வந்துவிட்டாள். கல்யாண வீட்டுப் பலகாரத்தோடு நேரே கீழே வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். கட்டையைத் தொட்டாள், கல்லை நகர்த்தினாள், கட்டை மேலே எழும்பியது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்ல வாயெடுத்து, வழக்கம் போல முதல் எழுத்திலேயே நின்றாள்.

நான் விடவில்லை. "உன் கட்டைதான். ஆத்துல எங்கெங்க இருந்தோ வந்த கழிவு. பொறுக்கிட்டு வந்து என் வீட்டுத் தொட்டிக்குள்ள போட்டே. இப்ப பாரு, அவிய சாப்பிடாம கெடக்காவ" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். தொண்டை கிழிகிற மாதிரி கத்தினேன். அவர் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார், முடியவில்லை. அவள் கண்ணை மூடித் திறந்தாள், கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை. கட்டையைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். தண்ணீர் படி படியாகச் சொட்டியிருந்தது. துடைத்துவிட்டேன்.

பலகாரம் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 27

இப்போது மாடியிலிருந்து யாரும் வருவதில்லை. நான் நினைத்தபடி நடந்துவிட்டது.

அவருடைய பிரஷர் 148/92.

மார்ச் 1

அந்த வலது கை மறுபடி மடியில் கிடக்கிறது. "ம்" என்பதும் நின்றுவிட்டது. பயிற்சிக்கு வரும் பெண் எவ்வளவோ செய்து பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது நடந்ததா என்று கேட்டாள். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். இப்படியே விட்டால் வந்த பேச்சும் போய்விடும், அப்புறம் திரும்புமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள்.

நான் பேசுகிறேன், பேசுகிறேன், பேசிக்கொண்டே இருக்கிறேன். பாத்ரூமுக்குப் போகும்போதெல்லாம் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார். அதைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும்.

மார்ச் 3

அன்று கத்தியதோ, பனியோ, தொண்டை கட்டிக்கொண்டது. நேற்று கரகரத்தது, இன்று சுத்தமாக அடைத்துவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. டாக்டர் ஐந்து நாளைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்றார். மருந்துக்கடைக்காரர், இனி உங்கள் வீட்டில் நிம்மதி என்று கேலி செய்தார். சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 5

இதை எழுதத்தான் வேண்டும்.

மாலை விளக்கேற்றிவிட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச முடியாது, வேறு என்ன செய்வது? தொட்டியில் மிச்சமிருக்கும் இரண்டு ஏஞ்சல்கள் ஒரு மூலையில் நின்றன. இந்த வீட்டில் குக்கர் விசில் தவிர வேறு சத்தமே இல்லாமல் இருப்பது எனக்குப் புதிது. கடிகாரம் ஓடுவதுகூடக் கேட்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். வழக்கம் போல "காப்பியா" என்று கேட்கப் போனேன், காற்றுதான் வந்தது. அவர் மறுபடி திறந்தார். உதடு கோணியது, நெற்றி வியர்த்தது. எடுத்துக் கொடுக்க என்னால் முடியவில்லை. முடிந்திருந்தால் கொடுத்திருப்பேன். அவ்வளவு தவிப்பை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை.

"வேப்பங்கட்டை" என்றார்.

விளக்குத் திரி சாய்ந்தது. எழுந்து சரிசெய்யக்கூடத் தோன்றவில்லை.

"நீ."

தலையை ஆட்டினேன்.

"கனி சொன்னா. வேம்பு... ஆகாதுன்னு." மூச்சு வாங்கினார். "நீ கேக்கல."

அன்றைக்குப் பால் பொங்குகிறது என்று உள்ளே ஓடினேனே, அந்த மிச்ச வாக்கியம். அவர் முழுக்கக் கேட்டிருக்கிறார். தொட்டிக்கு முன்னால் நாற்காலிக் கையில் அடித்துக்கொண்டு அதைத்தான் சொல்லப் பார்த்திருக்கிறார். நான் பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

என் கையை வலது கையால் தொட்டார். வலது கையால். "போய்... சொல்லு" என்றார்.

என்னிடம் அவர் பேசியது இவ்வளவுதான். இதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று நான் பார்க்கவில்லை. குக்கரில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

மாடிப்படி ஏறினேன். ஜெபக்கனி கதவைத் திறந்தாள். உள்ளே அவளுடைய மூன்று தொட்டிகளிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். "நா..." என்று ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றேன். அவளுக்கு நான் என்ன சொல்ல வந்திருக்கிறேன் என்று தெரியாமலா இருக்கும்? சொல்லி முடித்து வைத்திருக்கலாம். தலையை ஆட்டிவிட்டுக் கீழே இறங்கியிருப்பேன்.

அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடி, அவசரமே இல்லாமல் நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்றும் கீச்சுமாக ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தேன். வேப்பங்கட்டை. நான்தான். உன் கட்டை இல்லை.

"தெரியும்க்கா" என்றாள் கடைசியில். "கட்டை காஞ்சிருந்துச்சு."

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கையை ஆட்டிக் கேட்டேன்.

"சொல்லத்தான்... வந்தேன்" என்றாள்.

மார்ச் 9

கட்டை திரும்ப வந்துவிட்டது. இத்தனை நாளில் நன்றாகக் காய்ந்து, தொட்டியில் போட்டதும் மிதந்தது. முதலிலிருந்து ஊற வைக்க வேண்டும். அவர் சொம்பைத் தேடினார். வேப்பங்கட்டையை அடுப்புக்கு வெட்டிவிட்டேன்.

மார்ச் 14

குரல் வந்துவிட்டது. பையனிடம் ஒரு மணி நேரம் பேசினேன்.

மாலையில் அவர்கள் இரண்டு பேரும் பின்கட்டில் வழக்கம் போல. இன்றைக்கு இடையில் நிற்காமல் ஒரு முழு வாக்கியம் சொன்னாராம். அவள் முகம் முழுக்கப் பல்லாக வந்து சொன்னாள். எனக்கு இன்னும் எரியத்தான் செய்கிறது. அது போகும் என்று தோன்றவில்லை.

காப்பி போட்டுவிட்டு, சீனி டப்பாவைத் திறந்துகொண்டு, "ரெண்டு கரண்டி" என்று ஆரம்பித்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். டம்ளரையும் டப்பாவையும் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை என்பதை நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாய் திறந்தது, மூடியது. காப்பியில் ஆடை கட்டியது. நான் கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"சீனி... வேண்டாம், உலகு. எப்பவுமே... புடிக்காது."

முப்பத்து நாலு வருஷமாகப் பாதிக் காப்பியை வைத்துவிட்டுப் போகிற மனிதர்.

சீனி இல்லாமல் கொடுத்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன், பிரஷர் பார்த்தேன், 128/80, எழுதியாயிற்று. எல்லாம் சரி. ஆனால் ஜனவரியிலேயே சீனி போடாத காப்பி கொண்டு வந்த அந்த ஜெபக்கனிக்கு இது எப்படித் தெரிந்தது என்று மட்டும் நாளைக்குக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை நிற்க வேண்டும்.